வேலிக்குள் ஒரு கிணறு

சண்டை ஓய்ந்த ஊரில் தையல் தொழிற்சாலை கட்ட வெளிநாட்டுக் கம்பனி வேலியடைத்த காணியில் தவமலருக்குக் காவல் வேலை கிடைத்தது. அது தன் காணி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு எரிந்துபோயிருந்தது.

முதலீடு செய்ய வந்த வெள்ளைக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

“இஞ்ச முந்தி ஆரும் இருந்தவையோ எண்டு கேக்கிறார், அக்கா,” என்றான் மொழிபெயர்ப்பாளன். “ஆரும் உரிமை கேட்டா கம்பனிக்காரர் வேற நாட்டுக்குப் போயிடுவினமாம்.”

வேலை கேட்டு வாசலில் நின்ற பெண்களுக்குள் அவள் மகளும் நின்றாள். கிணறு வெட்டிய கணவனோ மண்ணுக்குள். எதைச் சொன்னால் எது கைவிட்டுப் போகும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினாள்.

“நல்ல தண்ணி, தம்பி. குடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ.”