கைக்குக் கொடுத்த களிம்பு

விளக்கை இன்னும் கிட்டே இழுக்கிறார் தோல் மருத்துவர். வெள்ளை ஒளியில் அழகு நிலையக்காரியின் கன்னம் தீப்பட்டதுபோல் சிவந்திருக்கிறது. தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, அடியில் ஓடும் ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரிகின்றன. எட்டு மாதத்துக்கு முன், தலைச்சாயம் பட்டுப் புண்ணான அவள் விரல்களுக்குத்தான் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். "ரெண்டு வாரம், கையில மட்டும், மெலிசான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!" "கை பத்தே நாள்ல பளபளன்னு ஆயிடுச்சு டாக்டர். அதான் மூஞ்சிக்கும்..." அவள் பையைக் கவிழ்க்கிறாள். கடைசிச் சொட்டுவரை பிதுக்கிச் சுருட்டிய குழாய்கள் மேசைமேல் சடசடவென்று விழுகின்றன. அவற்றின்மேல், மருந்துக்கடையில் நீட்டி நீட்டி மடிப்பெல்லாம் கிழிந்துபோன அவருடைய சீட்டு. "இத்தனையும் உங்க ஒரு மூஞ்சிக்கா?" அவள் தலை நிமிரவில்லை. "ஃபேஷியலுக்கு வர்றவங்களுக்கும் தடவிவிட்டேன் டாக்டர். வெளிய உக்காந்திருக்காங்க." மருத்துவர் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். பெஞ்சில் வரிசையாக ஐந்து பெண்கள். ஐந்து பேர் கன்னத்திலும் அதே சிவப்பு. கடைசியில் இருப்பவளின் மடியில் கிடக்கும் கைக்குழந்தையின் கன்னத்திலும்.