மிஷின் எடுத்த டீம்

நான் மேஜையைக் குத்தின குத்துல கேன்டீன் டீ கிளாஸ் கவிழ்ந்துடுச்சு. கவிழட்டும். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு மேஜையே கவிழ்ந்திருக்கணும்.

ஜெயிச்சது ஆட்டோ அண்ணன்.

ஆட்டோ ஓட்டுறவர் இல்லை. எங்க ரொட்டித் தொழிற்சாலையில பேக்கிங் பார்க்கிறவர். முன்னாடி அடுப்புல நின்னவர், முதுகு மக்கர் பண்ணதும் இந்தப் பக்கம் மாறிட்டார். அந்தப் பேர் வந்த கதையைக் கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும்.

நாங்க எட்டு பேர் வருஷா வருஷம் ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுறோம். சீசனுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் கேன்டீன்ல போனும் கையுமா உக்காந்து, நிஜ ஆட்டக்காரங்களை முறை வெச்சு ஒவ்வொருத்தரா எடுப்போம். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் தொட முடியாது. அப்புறம் அவங்க நிஜ மேட்ச்ல ஆடுற ஆட்டத்துக்கு நமக்குப் புள்ளி. எடுக்க வராதவங்களுக்குப் போன் ஆப்புல இருக்கிற மிஷினே ஆட்டோமேட்டிக்கா ஒரு டீமை எடுத்துக் கொடுத்துடும்.

இந்த அண்ணன் வரவே மாட்டார். போன வருஷமும் வரலை, இந்த வருஷமும் வரலை. அதனாலதான் ஆட்டோ.

பந்தயம் காசு இல்லை. ஜெயிக்கிறவருக்கு வருஷக் கடைசி வாரம் முழுக்க லீவு. ஊரே கேக்கும் ரொட்டியும் கேட்டு வரிசையில நிக்கிற வாரம் அது. மத்த ஏழு பேரும் அவர் வேலையையும் சேர்த்து இழுக்கணும். சூபர்வைசர் அக்காவே ஒத்துக்கிட்ட ஏற்பாடு.

எனக்கு அந்த வாரம் வேணும். என் மக வேற ஊர்ல அவ அம்மாகூட இருக்கா. அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுறது அப்பதான். "அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்டா கண்ணு"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே புளிச்சுப்போச்சு. இந்தத் தடவை போன்ல அவ வருவியான்னு கேக்கவே இல்லை. அதுதான் என்னைத் தின்னுச்சு.

அதனால பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டுப் போனேன். போய் என்ன பண்ணேன்? பஸ்ல ஜன்னல் சீட்டுக்குப் பாயுற மாதிரி எல்லாரும் கோல் அடிக்கிறவங்க மேலேயே பாய்ஞ்சோம். நான் மூணு பெரிய தலைங்களை அமுக்கிட்டேன். வேன் டிரைவர் என்னோட பேசவே இல்லை, அவ்வளவு பொறாமை.

மிஷின் பாயலை. அண்ணனுக்குக் கோல் அடிக்க ஒரே ஒருத்தனை எடுத்துச்சு. அப்புறம் எந்த இடம் காலியோ, அந்த இடத்துக்கு மிச்சம் இருக்கிறதுல யாரு நல்லவன்னு பார்த்து நிரப்பிக்கிட்டே போச்சு. நடுவுல ஓடுறவங்க, பின்னாடி தடுக்கிறவங்க, நாங்க யாரும் சீண்டாத ஒரு கோல்கீப்பர். இதுல ஒரு பேராவது யாருக்காவது தெரியுமான்னு மாவு பிசையிற மிஷின்காரர் கேட்டார். விழுந்து விழுந்து சிரிச்சோம்.

போகப் போகச் சிரிப்பு நின்னுடுச்சு. என் தலைங்கள்ல ஒருத்தனுக்கு முட்டி போச்சு. இன்னொருத்தனை பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. கடைசியில எனக்கு மிஞ்சின கோல்கீப்பருக்குக் கையில ஓட்டை. அண்ணன் டீம்ல ஒருத்தன் படுத்தா அந்த இடத்துல நிக்க இன்னொருத்தன் இருந்தான். கடைசி வாரம் அந்த டீம் என்னைத் தாண்டி மேலே போய் உக்காந்துடுச்சு. நான் ரெண்டாவது.

எரியுமா எரியாதா?

அண்ணன் ஒண்ணுமே நடக்காத மாதிரி மூலையில டிபன் டப்பாவைத் திறந்துட்டிருந்தார். நேரா அவர் முன்னாடி போய் நின்னேன்.

"மிஷின் ஜெயிச்சுக் கொடுத்த லீவு உங்களுக்கு இனிக்குதாண்ணே? ஆள் எடுத்த அன்னைக்கு அடுப்பு என் முறை. மாவு பொங்கி நிக்குது, அடுப்பு எரிஞ்சிட்டிருக்கு. அக்காகிட்ட கெஞ்சிக் கூத்தாடினேன். 'ஆள் இருக்கு, போய்த் தொலை'ன்னாங்க. அடுப்பையே விட்டுட்டு நான் வந்தேன். டேப் ஒட்டுற உங்களுக்கு வர முடியலையா?"

அண்ணன் டப்பா மூடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பிச்சு.

உழைச்சு எடுத்தவங்க எல்லாம் முட்டாளான்னு கேட்டேன். வேன் டிரைவரும் சேர்ந்துக்கிட்டார். ஆள் எடுக்க வராதவங்களுக்கு ஆட்டமே கிடையாது, இந்த வருஷ லீவு ரெண்டாவது வந்தவனுக்கேன்னு அங்கேயே முடிவாச்சு. ஒவ்வொருத்தரா கையைத் தூக்கினாங்க. சூபர்வைசர் அக்கா மட்டும் என்னவோ சொல்ல வந்தாங்க. அண்ணன் வேணாம்னு தலையாட்டினதும் பேசாம இருந்துட்டாங்க. நான் அதையெல்லாம் கண்டுக்கிற நிலைமையில இல்லை.

அண்ணன் டப்பாவை மூடி வெச்சார்.

"லீவை நீயே எடுத்துக்கோ தம்பி. போய்ப் பாப்பாவைப் பார்த்துட்டு வா."

பெருந்தன்மை காட்டுறாராம். எனக்கு இன்னும் ஏறிச்சு.

"உங்க பிச்சை எனக்கு வேணாம். அடுத்த வருஷமாவது எங்களை மதிச்சு வந்து உக்காருவீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வர்றேன் தம்பி"ன்னார். "நீ விட்டுட்டு வர்ற அடுப்புகிட்ட எனக்குப் பதிலா யாரு நிக்கிறதுன்னு மட்டும் சொல்லிடு."