அளவுக்குள்

பரிசோதனைக்கூட அதிகாரியின் மேசைமேல் வாளியை வைத்துவிட்டு நிற்கிறாள் இறால் பண்ணைக்காரி. குளம் முழுக்க இறால் செத்துக் கிடக்கிறது; இது குளத்துத் தண்ணீரோடு ஒரு கை அள்ளி வந்தது. சன்னல் வெயிலில் இறால்களின் செவுள்கள் கரி பூசியதுபோல் தெரிகின்றன. அவர் குளத்துத் தண்ணீரின் இரண்டு பரிசோதனை முடிவுத் தாள்களை அருகருகே வைக்கிறார். "பிளாஸ்டிக் துகள் அளவுக்குள்ளதான் இருக்கு. ஈயமும் அளவுக்குள்ளதான். தனித்தனியா பாத்தா ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா." அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இறாலுக்கு என்ன ரெண்டு வயிறா சார் இருக்கு? ரெண்டையும் சேர்த்துப் பாத்தீங்களா?" "அதுக்குப் படிவம் இல்லம்மா." வாளியின் அடியில் கசிந்த தண்ணீர், மேசையில் கோடாக நீண்டு அவருடைய டீ கிளாஸை நோக்கி ஓடுகிறது. அவர் சட்டென்று கிளாஸைக் கையில் தூக்கிக்கொள்கிறார். அவள் அந்தக் கையையே பார்க்கிறாள். "அளவுக்குள்ளதான சார் இருக்கு. அப்புறம் எதுக்கு டீயைத் தூக்குறீங்க?"