திரும்பும் தகடு

மங்கையர்க்கரசி எங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர். அதாவது, ஒவ்வொரு ஜூனிலும் தன் வேலையைத் தானே மறுபடி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டியவர். பதினோராவது விண்ணப்பத்தைக் கொடுத்தபோதுதான் அலுவலகக் கண்காணிப்பாளர் தேவசகாயத்தின் கையைக் கவனித்தார். நிரந்தரப் பேராசிரியர் ஒருவரின் விடுப்புக் கடிதத்தை அவர் அப்படியே ஸ்டேப்ளரில் வைத்து அடித்தார். மங்கையர்க்கரசியின் தாள்கள் வந்ததும், ஸ்டேப்ளரின் அடியிலிருந்த குமிழை அமுக்கி, பின்னை மடக்கும் சின்னத் தகட்டைத் திருப்பிவிட்டு அடித்தார். பின்னின் கால்கள் உள்ளே மடங்காமல் வெளியே விரிந்து கிடந்தன.

"ஏன் சார் திருப்புறீங்க?"

"இப்படி அடிச்சா நகத்தால இழுத்தாலே வந்துடும் மேடம், தாள் கிழியாது. அந்தத் தகடு எதுக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. டெம்பரரி ஆளுங்க பேப்பர் எல்லாத்துக்கும் இதான்."

"பதினோரு வருஷமாவா?"

"நான் வந்து ஆறு வருஷம்தான். முன்னாடி இருந்தவர் சொல்லிக் கொடுத்தாரு."

மங்கையர்க்கரசி பின்னை இழுத்துப் பார்த்தார். சொன்னபடியே சத்தமில்லாமல் வந்துவிட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேப்ளரைப் பிடுங்கித் தகட்டைப் பழையபடி திருப்பினார். விண்ணப்பத்தின் ஒரு மூலையில் அடித்தார். பிறகு நான்கு ஓரங்களிலும், உள்ளே இருந்த பின் தீரும்வரை அடித்தார்.

"ஐயோ மேடம், இதை எப்படிப் பிரிக்கிறது?"

"கிழிச்சுத்தான் சார் பிரிக்கணும்" என்று அவரிடம் நீட்டிவிட்டு, இரண்டாமாண்டு வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று போனார்.