கிளிசரின் இல்லாமல்

நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. துரத்தலாமென்றால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கயிற்றில் இருந்தன.

ஈயைக் குறை சொல்ல முடியாது. ரத்தம், சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து செய்தது.

படத்தின் கதை ஒரு வரிதான். பார்ட்னரைக் கொன்ற வில்லனை ஒரு போலீஸ்காரர் தேடிப் பிடித்துப் பழிவாங்குகிறார். யூனிட் அதைவிடச் சிறியது. டைரக்டரே வேன் ஓட்டினார். கதாநாயகியே எல்லோருக்கும் மேக்கப் போட்டாள். பார்ட்னராக நடித்த டைரக்டரின் மச்சான் முதல் காட்சியில் செத்து, அடுத்த காட்சியிலிருந்து மைக் பிடித்தார். ஒரே ஒரு வேலை மட்டும் பார்த்தவன் ஹீரோதான். அதையும் அவன் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அழுகை வரவில்லை. வில்லன் முன்னால் கட்டுண்டு உட்கார்ந்து, செத்த பார்ட்னரை நினைத்து அவன் கதற வேண்டும். காலையிலிருந்து முக்கிப் பார்த்தும் கொட்டாவிதான் வந்தது. கிளிசரின் கேட்கலாமென்றால், கதாநாயகி தன் காட்சிகளிலேயே பாட்டிலைத் தீர்த்திருந்தாள்.

"தம்பி, சாயங்காலத்துக்குள்ள நீ அழலன்னா கதையத் திருப்பிப் போட்டுடுவேன்," என்றார் டைரக்டர். "நீ செத்துப் போ. என் மச்சான் பழிவாங்கட்டும்."

மைக் பிடித்திருந்த மச்சான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹீரோவுக்கு இது முதல் படம். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்ததில் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். முதல் காட்சியில் செத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அவர் மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார். அந்தப் பயம்தான் அவனுக்கு.

சாப்பாட்டு நேரம் வந்தது. முடிச்சை அவிழ்த்தால் திரும்ப அதே மாதிரி போட வராது என்று கதாநாயகி சொன்னதால், அவனை அப்படியே அந்தப் பழைய கிடங்கில் விட்டுவிட்டு வேனில் கிளம்பினார்கள். வில்லனாக நடிப்பவர் வெளியூர் நாடகக்காரர். போனிலேயே பேசி முடித்தது. யாரும் முகம் பார்த்ததில்லை. எந்த நேரமும் வந்துவிடுவார், வந்தால் வசனம் பேசிப் பழகிக்கொள் என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

வேன் சத்தம் தேய்ந்த சற்று நேரத்தில் கிடங்கின் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. கட்டை மீசை வைத்த ஒருவர் எட்டிப் பார்த்தார். யூனிஃபார்மைக் கண்டதும் நட்டுவைத்த மாதிரி நின்றார். அந்த நிற்பிலேயே ஹீரோவுக்குத் தெரிந்துவிட்டது, நாடகக்காரர் லேசுப்பட்டவர் இல்லை.

"வாடா. உனக்காகத்தான் காத்திருக்கேன்," என்று அவனும் வசனத்தை எடுத்தான்.

"நான் வருவேன்னு எப்படி சார் தெரியும்?"

வசனத்தில் 'சார்' கிடையாது. ஆனாலும் அந்த நக்கல் நன்றாகவே இருந்தது. வந்தவர் நாற்காலியைச் சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். தளர்ந்திருந்த ஒரு முடிச்சை இறுக்கினார். பிறகு ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

ஹீரோ அசரவில்லை. செத்தவர் மைக் பிடிக்கும் யூனிட்டில் வில்லன் கேமரா பிடிப்பதுதானே முறை. டைரக்டர் அதையும் போனிலேயே பேசி முடித்திருப்பார். லென்ஸ் நேராக அவன் முகத்தைப் பார்த்தது.

"என் பார்ட்னரைக் கொன்னவனை நான் சும்மா விடமாட்டேன்," என்றான்.

வந்தவரின் முகம் மாறியது. குரலைத் தணித்துக் கேட்டார். "கூடவே இருந்தவரா சார்? போய் எத்தன நாளாச்சு?"

இதுவும் வசனத்தில் இல்லை. ஆனால் பார்ட்னரின் சாவை அவனிடம் ஒருவர் விசாரிப்பது இதுதான் முதல் தடவை. எல்லோரும் அழு அழு என்றார்களே தவிர, ஒருவரும் கேட்கவில்லை. அவன் வாய் தானாகப் பேசியது.

"தெரியல. இன்னமும் கடைக்குப் போனா ரெண்டு டீ சொல்லிடறேன். ரெண்டையும் நானே குடிச்சிட்டு வர்றேன்."

முதலில் மூக்கு ஒழுகியது, பிறகு கண். கதறிய கதறலில் சர்க்கரை ரத்தம் கரைந்து காலருக்குள் இறங்கியது. ஈகூட எழுந்து போய்விட்டது.

வில்லனும் கலங்கிப்போனார். இரண்டு கையிலும் கேமரா இருந்ததால் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். இந்த அழுகை பாதியில் அறுந்துவிடக் கூடாதே என்று, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்னொன்று அந்தப் பையில் இருக்கிறது என்று விம்மலுக்கு நடுவே ஹீரோ மோவாயால் காட்டினான். அவர் பையையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மனசத் தேத்திக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பின்னோக்கியே நடந்தார்.

"நீ எங்க ஓடினாலும் பிடிப்பேன்டா," என்று ஹீரோ கடைசி வசனத்தை முழங்கினான். அவர் உண்மையிலேயே ஓடினார். அந்த வேகத்திலும் கேமரா துளி ஆடவில்லை. கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

வேன் திரும்பி வந்தது. உள்ளே நுழைந்த டைரக்டர், வீங்கிய இமையையும் சிவந்த மூக்கையும் குனிந்து பார்த்தார். ஒரே டேக்கில் அழுது முடித்துவிட்டதாக ஹீரோ மூச்சுவிடாமல் சொன்னான். மச்சான் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். வில்லன் சாரைப் போல ஒரு நடிகரைத் தான் பார்த்ததே இல்லை, அவரே கேமராவும் பிடித்தார் என்றும் ஹீரோ சொன்னான்.

டைரக்டர் மெதுவாகத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேனிலிருந்து இறங்கிய ஒல்லியான மனிதர் ஒருவர், பஸ் தூக்கம் கலையாத முகமும் பயணப் பையுமாக அங்கே நின்றிருந்தார்.

"வணக்கம் தம்பி. நான்தான் வில்லன்."