மேட்டு நரி

கிழவர் ஆர்லன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தலையை அண்ணாந்து ஊளையிட்டார். நீளமாக இழுத்து, முடிக்கும்போது சின்னதாக இரண்டு குரைப்பு.

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு வடக்கு மேட்டுக்கு அப்பாலிருந்து அதேபோல ஓர் ஊளை திரும்பி வந்தது.

"அட்டகாசம்!" கர்ட் துள்ளினான். "என்னா குரல்! வயசான ஆண் நரியா இருக்கும்போல. நாளைக்கு மொத வேட்டை அதான் பெரியவரே!"

"அத விட்டுரு" என்றார் ஆர்லன். "கன்னுக்குட்டியக் கடிச்சுப்போடறதெல்லாம் ஓடைப்பக்கம் திரியற கூட்டம். அதுங்களச் சுடு. மேட்டுப்பக்கம் மட்டும் போகாத."

கர்ட் பில்லிங்ஸ் நகரத்தில் டயர் கடை வைத்திருப்பவன். பசுக்கள் கன்று போடும் மார்ச் மாதத்தில், கயோட்டி நரிகளின் தொல்லை தாங்காத மொன்டானா மாநிலப் பண்ணைக்காரர்கள் இவனைப் போன்றவர்களை வார இறுதிக்கு வரச்சொல்வார்கள். இருக்க இடம், சாப்பாடு பண்ணைக்காரருடையது, நரித்தோல் சுட்டவனுக்கு.

சாப்பாட்டு மேசையில் இரண்டாவது நாற்காலி மேல் மாட்டு மருந்துப் புட்டிகளும் பழைய பத்திரிகைகளும் குவிந்து கிடந்தன. ஆர்லன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.

"உக்காருப்பா. இதுல ஆள் உக்காந்து ரொம்ப நாளாச்சு."

மான்கறியும் பீன்ஸும். கர்ட் வாய் ஓயாமல் கடைக்கதை பேசினான். கிழவர் தன் தட்டை மறந்துவிட்டு அவன் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னல் வழியே, வேலிக்கு அப்பால் வெகு தூரத்தில் ஒற்றை விளக்கு தெரிந்தது.

"அங்க யாரு இருக்காங்க?"

"வேலிக்கு அந்தப்பக்கத்தைப் பத்தி என்கிட்ட கேக்காத. கறி இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

சனிக்கிழமை ஓடைக்கரையில் கர்ட்டுக்கு இரண்டு நரிகள் கிடைத்தன. சாயங்காலம் அவன் தன் பேட்டரிக் கருவியை முற்றத்தில் வைத்து ஊளைச் சத்தத்தை ஓட விட்டான். ஓடைப்பக்கம் நாலைந்து குரல்கள் கிளம்பின. மேட்டு நரி வாயே திறக்கவில்லை.

ஆர்லன் கையைக் குவித்தார். ஒரே ஊளை. உடனே பதில் வந்தது.

"பாருங்க, புது மிஷின மதிக்கவே மாட்டேங்குது. உங்களுக்குன்னா ஓடி வந்து பதில் சொல்லுது! உங்க மேல ஒரு கண்ணுபோல!"

கிழவர் சிரிக்கவில்லை. "குரல் பழகிப்போச்சு, வேறென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பின் கர்ட் கிளம்பினான். மிச்சக் கறியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஆர்லன், வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அடுத்த மாசமும் வாப்பா. நரி இல்லேன்னாலும் வா."

அந்தக் கடைசி வார்த்தை கர்ட்டை என்னவோ செய்தது. தனியாளாக இருக்கிறார். மேட்டு நரி என்றைக்காவது அவர் கன்றுகள் மேலும் கைவைக்கத்தான் போகிறது. அதையும் தீர்த்துவிட்டுப் போனால் என்ன? அந்தக் குரலுக்குச் சொந்தமான தோல் தன் கடைச் சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது.

பண்ணை வாசலருகே வண்டியை நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு மேடேறினான். வேலிக்குக் கொஞ்சம் இப்பால் ஈரப்புல்லில் குப்புறப் படுத்தான்.

பொழுது சாய்ந்தது. கீழேயிருந்து கிழவரின் ஊளை எழும், மேட்டு நரி பதில் சொல்லும், இடம் தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஆனால் அன்றைக்கு ஆர்லன் ஊளையிடவே இல்லை.

வெகுநேரம் கழித்து, வேலிக்கு அந்தப்பக்கமிருந்து நரியே முதலில் ஊளையிட்டது. நிறுத்தியது. பதில் இல்லை. மறுபடி ஊளையிட்டது. அடுத்த முறை இன்னும் கிட்டத்தில் கேட்டது, குரலில் ஒரு நடுக்கத்தோடு.

தேடிக்கொண்டு வருகிறது! கர்ட் துப்பாக்கியைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

வேலியோரப் புதரில் பழுப்பு ரோமம் அசைந்தது. குறிநோக்கியில் கண்ணை வைத்தான். விரல் விசைக்குப் போனது.

"டேய்!"

துப்பாக்கிக் குழல் மேலே எகிறியது. குண்டு வானத்துக்குப் போனது.

பக்கத்தில் ஆர்லன். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. முழங்காலெல்லாம் சேறு. ஒரு கை இன்னும் குழலைப் பிடித்திருந்தது.

"வாசல்ல உன் வண்டி நிக்கறதப் பாத்தேன்..." மூச்சு வாங்கியது. "மேட்டுக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லயா?"

"உங்களுக்காகத்தான் பெரியவரே! கைக்கு வந்ததக் கெடுத்துட்டீங்களே!"

ஆர்லன் அவனைக் கவனிக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே வேலிக்குப் போய் கையைக் குவித்து ஊளையிட்டார். பாதியிலேயே குரல் உடைந்தது. மறுபடி இட்டார்.

புதருக்குள் சத்தமே இல்லை. கம்பியைப் பற்றியபடி அப்படியே நின்றார்.

பிறகு, மெதுவாக, பதில் வந்தது.

கிழவர் ஈரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நரிக்குப் போயி எதுக்கு இப்படி அழறீங்க?" என்றான் கர்ட்.

"நரி இல்லப்பா, ரோமத் தொப்பி போட்ட எங்கண்ணன். நாங்க பேசிக்கிறதில்ல."