பல்லி சொன்ன வாக்கு

கட்டையன் என்ற பல்லிக்கு முதல் துரோகம் செய்தவள் அவனைப் பெற்ற தாய்தான். பிள்ளை கத்தும்போது கீழே இருக்கும் மனிதர்கள், "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு" என்று சொன்னால்தான் அவளுக்கு அது கெட்டிக்காரப் பிள்ளை.

அண்ணன் முத்தையன் கத்திய நேரம், கீழே கல்யாணப் பேச்சு. எல்லோரும் கும்பிட்டார்கள். "என் ராசாவுக்குத் தெய்வ வாக்கு!" என்று பூரித்தவள், பூச்சி மொய்க்கும் டியூப்லைட் ஓரத்தை அவனுக்கே கொடுத்தாள்.

கட்டையன் கத்திய நேரம், கீழே வீட்டுக்காரர் "வேலை போயிடுமோ" என்று புலம்பிக்கொண்டிருந்தார். செருப்பு பறந்து வந்தது. வால் அறுந்தது.

"உன்கிட்ட சரக்கு இல்லடா. காலண்டருக்குப் பின்னால போய்க் கிட" என்றாள் தாய்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானேம்மா கத்தினோம்?"

"வாயைப் பாரு வாயை!"

பிறகு வீடு காலியானது, விளக்கும் அணைந்தது. முத்தையனுக்கு இருட்டில் வேட்டையாடத் தெரியாது. கிழவியாகிவிட்ட தாய்க்குக் கட்டையன்தான் பூச்சி பிடித்துவந்து ஊட்டுகிறான். நேற்று கொடுத்த விட்டிலை மென்றுகொண்டே அவள் சொன்னாள்: "முத்தையன் குரலைக் கேட்டியா? என்ன வாக்குடா அது!"

அந்த விட்டிலை அவள் வாயிலிருந்தே பிடுங்கலாம் போலிருந்தது கட்டையனுக்கு. அறுந்த வால்கூட எப்போதோ முளைத்துவிட்டது. அவள் சொல்ல வேண்டிய ஒரு நல்ல வார்த்தைதான் இன்னும் வரவில்லை.